கொக்குக்காக மன்றாடுவோம்

கார்மேல் மடம்
ஜூன் 18

சேசு மரி சூசை

அன்புள்ள நேசம்மா மைனிக்கு,

சுகுணா எழுதுகிறேன். மடத்தில் எனக்கு ஆக்னஸ் என்று பெயர் வைத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. உங்களுக்கு எழுதும்போது மட்டும் பேனா சுகுணா என்றுதான் போகிறது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் பதினோரு பேரும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? முழங்கால் வலி எப்படி? மகள் ஜெபிஷா திருப்பூரிலிருந்து வந்து போகிறாளா?

தவக்காலத்தில் கடிதம் எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. ஈஸ்டர் முடிந்ததும் இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை மைனி.

இப்போது ஒன்று கேட்க எழுதுகிறேன். கேட்கலாமா என்றுதான் ஒரு வாரமாக யோசித்தேன். ஜூலை வருகிறது. ஒவ்வொரு ஜூலையும் ஜேம்ஸ் அண்ணன் பிரான்சு தேசத்துச் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எனக்கு வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவார். எங்கள் மடம் அடைப்பு மடம். வெளியே போவதில்லை; டிவி இல்லை, செல்போன் இல்லை. மாலையில் பேசிச் சிரிக்க விடுகிற ஒரு மணி நேரத்தில் அண்ணன் கடிதத்தைச் சத்தமாக வாசிப்பேன். ஜெயிக்கிறவனுக்கு எதற்கு ஜெபம், கடைசியில் வருகிறவனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு தடவை எழுதியிருந்தார். அன்று முதல் வருடா வருடம் அந்தப் பந்தயத்தின் கடைசி ஆள் இறங்காமல் பாரிஸ் போய்ச் சேர நாங்கள் வேண்டிக்கொள்கிறோம்.

எங்களில் மூத்தவரான செசிலி சிஸ்டர் நேற்று, "இந்த வருஷம் கடைசி ஆள் யாரு?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் இல்லை என்பது அவருக்கு அடிக்கடி மறந்து போகிறது.

முடிந்தால் நான்கு வரி எழுதுங்கள். முடியாவிட்டால் உங்கள் சுகத்தை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்
சுகுணா


காமநாயக்கன்பட்டி
ஜூலை 8

சுகுணாவுக்கு நேசம்மாள் எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீயும் மற்ற சிஸ்டர்மாரும் சுகமாயிருக்கப் பரலோக மாதாவை வேண்டுகிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதுவும் நானும் பழகிவிட்டோம்.

நான் அஞ்சாங் கிளாஸ். உங்க அண்ணன் மாதிரி எழுத வராது. தப்பு இருந்தால் சிஸ்டர்மார் சிரித்துக்கொள்ளட்டும்.

உங்க அண்ணன் அடக்கத்துக்கு நீ வரவில்லை. மடத்துச் சட்டம் என்று மதர் போனில் சொன்னார்கள். சரி.

இனி பந்தயம்.

உங்க அண்ணன் செல்லை அணைக்க மனசில்லாமல் தினமும் சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அது தானாகக் கத்தியது. அவிய மணி வைத்திருக்கிறார்கள், பந்தயம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு. எடுத்துத் தொட்டால் திரையில் ஒரே சைக்கிள். நான் இத்தனை வருஷமாக இதை உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. "மூணு வாரம் சைக்கிள் மிதிக்கதைப் பாக்க என்ன இருக்கு" என்று அடுப்படியிலிருந்து ஏசுவேன். அவிய அங்கிருந்தே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். காதில் வாங்காத மாதிரி இருந்தும் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது.

தீப்பெட்டி ஆபீஸில் என் பக்கத்தில் பெட்டி அடைக்கிற வெள்ளைத்தாயும் வந்து உட்கார்ந்தாள். "ஏக்கா, இம்புட்டுத் தூரம் சைக்கிள்லயே போறானுவளே, அந்த ஊர்ல பஸ் ஓடலையா?" என்றாள்.

"பந்தயம்ட்டி."

"பின்னால வார கார்ல எடம் சும்மாதான கெடக்கு. ஏறிக்கிட வேண்டியதுதான?"

தினமும் முதலில் வருகிறவன் வேறு, மஞ்சள் சட்டைக்காரன் வேறு, எல்லா நாள் நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவனுக்குத்தான் மஞ்சள் என்று சொன்னேன். "அப்ப இன்னைக்கு மொதல்ல வந்தவனுக்கு என்னதான் கெடச்சுது" என்று அவனுக்காகச் சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

கடைசி ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் இங்கிலீஷில் ஓடுகிறது, வாயில் நுழையவில்லை. கழுத்து நீளமாக இருக்கிறது. குனிந்து மிதிக்கையில் கண்மாயில் மீன் பார்க்கிற கொக்கு மாதிரியே இருக்கிறான். கொக்கு என்று வைத்திருக்கிறேன். அவன் கூட்டத்துக்கு அவன்தான் தண்ணிக்காரன். பின்னால் காருக்குப் போய்ப் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, முன்னால் போகிறவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டு மறுபடி பின்னால் வருகிறான். கடைசியில் வராமல் என்ன செய்வான்.

ரோட்டோரம் சூரியகாந்தி பூத்துக் கிடந்தது. எட்டயபுரம் போகிற ரோட்டில் நம்ம கரிசலில் கிடக்குமே, அதே பூ.

கொக்குக்கு வேண்டிக்கொள்ளுங்கள்.

நேசம்மாள்


கார்மேல் மடம்
ஜூலை 12

சேசு மரி சூசை

அன்பு மைனி,

உங்கள் கடிதம் கண்டு நாங்கள் பட்ட சந்தோஷத்தை எழுதி முடியாது. நாங்கள் சுகம். செசிலி சிஸ்டருக்கு மட்டும் கொஞ்சம் இருமல்.

வெள்ளைத்தாய் கேட்ட கேள்வியை மதர் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். கொக்கை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காலைப் பூசையில் மன்றாட்டு நேரத்தில் செசிலி சிஸ்டர் கணீரென்று, "கொக்குக்காக மன்றாடுவோம்" என்று சொல்லிவிட்டார். பூசை வைக்க வரும் சாமியார் திரும்பிப் பார்த்தார். முடிந்ததும் எங்கள் அடைப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "மழை இல்லாததால கொக்குக்குத் தண்ணி இல்லையோ?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். இளம் சாமியார், சிரித்துக்கொண்டே போனார்.

மைனி, நீங்கள் எழுதி எங்களிடம் வர மூன்று நான்கு நாள் ஆகிறது. நாங்கள் வேண்டும்போது அவன் அந்த மலையை ஏறி இறங்கியிருப்பான். பரவாயில்லை, ஆண்டவர் தபாலுக்குக் காத்திருக்க மாட்டார் என்கிறார் மதர்.

சிஸ்டர்மார் கேட்கச் சொன்னவை: ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறார்களா, பூசை எப்போது காண்கிறார்கள், சைக்கிளில் இருந்தபடி என்ன சாப்பிடுகிறார்கள்.

நான் கேட்பது: நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?

சுகுணா


காமநாயக்கன்பட்டி
ஜூலை 15

சுகுணாவுக்கு,

சுகம், உன் சுகமும் அதுவே ஆகட்டும். செசிலி சிஸ்டருக்குச் சுக்கும் மிளகும் தட்டிக் கொதிக்க வைத்துக் கொடு.

ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறார்கள். பூசை காணுகிற மாதிரி தெரியவில்லை. ஆனால் வழியில் கோயில் வந்தால் மேலே பறக்கிற ஹெலிகாப்டர் அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. சைக்கிளில் இருந்தபடியே சோற்று உருண்டை தின்கிறார்கள். நம்ம அரிசிதான். தாளில் பொட்டலமாக மடித்துத் தோளில் தொங்குகிற பையில் வருகிறது. ஒன்றுக்குப் போவதைக் கேட்காதே.

நேற்று முந்தின நாள் காற்று. நமக்கு ஆடிக் காற்று மாதிரி அங்கும் பக்கவாட்டில் அடிக்கிறது. அப்போது ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் சாய்வாக ஒளிந்துகொண்டு போக வேண்டும். இடம் கிடைக்காதவன் அம்போ. வெள்ளைத்தாய்க்கு இதை மட்டும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆபீஸுக்கு நடக்கையில் புழுதிக் காற்று அடித்தால் நான் அவள் பின்னால்தான் போவேன். "அப்ப எம்புட்டு வருசமா என்னைய மறைப்பா வச்சுக்கிட்டு வருதீங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள்.

கொக்கு விழுந்துவிட்டான். மழையில் இறக்கத்தில் வழுக்கித் தோள்பட்டையில் அடி. சட்டை கிழிந்து முதுகு தெரிந்தது. எழுந்து முதலில் சைக்கிளைத்தான் பார்த்தான், பிறகுதான் கையைப் பார்த்தான். உங்க அண்ணனும் அப்படித்தான். நாலுவழிச் சாலையில் நாய் குறுக்கே வந்து விழுந்த அன்றைக்கு, "வீல் கோணலா இருக்கா பாரு நேசம்" என்றுதான் வீட்டுக்குள் வந்தார்கள், முழங்கையில் ரத்தம் ஒழுக.

அந்தச் சைக்கிள் சுவரில் அப்படியே தொங்குகிறது. விளம்பரம் வரும்போது நான் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிடுவேன். டிக் டிக் என்று கொஞ்ச நேரம் ஓடி நிற்கும்.

கொக்கு கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான். வியாழக்கிழமை பெரிய மலை. நம்ம கழுகுமலை மாதிரிப் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அதற்குக் காணும். குறித்த நேரத்துக்குள் மேலே வராதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நன்றாக வேண்டிக்கொள்ளுங்கள்.

நேசம்மாள்


காமநாயக்கன்பட்டி
ஜூலை 18

சுகுணா,

கொக்கு இறங்கிவிட்டான்.

நேற்று மலையில், பாதிக்கு மேல் போய், ஒரு பாறை ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றான். பின்னாலேயே ஒரு வேன் வரும். முன்காலத்தில் அதில் துடைப்பம் கட்டியிருப்பார்களாம், வழியில் நிற்கிறவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகிற வண்டி என்று உங்க அண்ணன் சொல்லியிருக்கிறார்கள். வேனிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்து, அவன் முதுகில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றி எடுத்தான். கொக்கு திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் உங்க அண்ணன் கையில் பெயர் எழுதி ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் நர்ஸ் பிள்ளை வந்து அதைக் கத்தரித்து எடுத்தது. அவியளும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதும் நீங்கள் பதினோரு பேரும் வேண்டிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

இதை உங்களுக்கு எப்படி அனுப்ப. அனுப்ப மாட்டேன். இதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வேறு தாள் எடுக்கிறேன்.


காமநாயக்கன்பட்டி
ஜூலை 18

சுகுணாவுக்கும் சிஸ்டர்மாருக்கும்,

நான் சுகம். எல்லோரும் சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கொக்கு பெரிய மலையை ஏறிவிட்டான். கடைசி ஆள்தான். நேரம் முடிய இருந்தது, வந்து சேர்ந்தான். வழியில் ஒரு பாறை ஓரம் நின்றான். இறங்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். வேன்கூடப் பக்கத்தில் வந்து நின்றது. அப்போது அவன் கூட்டத்துக்காரன் ஒருவன், இத்தனை நாள் இவன் கொடுத்த தண்ணியைக் குடித்தவன், மேலேயிருந்து திரும்பி இறங்கி வந்து இவனுக்கு ஒரு பாட்டில் தண்ணி கொடுத்தான். குடித்துவிட்டு ஏறினான்.

தோள்பட்டை வலிக்கத்தான் செய்யும். வேண்டிக்கொள்ளுங்கள்.

நேசம்மாள்


கார்மேல் மடம்
ஜூலை 23

சேசு மரி சூசை

அன்பு மைனி,

சுகம். செசிலி சிஸ்டர் இருமல் உங்கள் சுக்குத் தண்ணீருக்கு நின்றுவிட்டது.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். முடித்ததும் யாரும் எழுந்து போகவில்லை. மதர், "இன்னொரு தடவை வாசிங்க" என்றார். அந்தத் தண்ணீர் கொடுத்தவனைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அவன் கொக்கிடம் ஏதாவது சொன்னானா? மலையில் மழையா? பாரிஸ் வரை கொக்குக்குத் துணைக்கு யாராவது பக்கத்தில் போகிறார்களா?

எத்தனை பக்கம் ஆனாலும் எழுதுங்கள் மைனி. அவசரமில்லை. நாங்கள் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சுகுணா


காமநாயக்கன்பட்டி
ஜூலை 28

சுகுணாவுக்கும் சிஸ்டர்மாருக்கும்,

சுகம். அங்கும் சுகம் என்று கண்டு சந்தோஷம்.

பந்தயம் முடிந்தது. கொக்கு பாரிஸ் சேர்ந்துவிட்டான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மலையில் மழை இல்லை, வெயில். தண்ணி கொடுத்தவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, சத்தமில்லாமல் காட்டினார்கள். "மெதுவாப் போ, நான் பின்னால வாரேன்" என்று சொல்லியிருப்பான், வாய் அசைந்தது அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் அவன் கொக்கை விட்டு விலகவே இல்லை.

நேற்று பாரிஸில் ரோட்டின் ரெண்டு பக்கமும் ஜனம், நம்ம ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வருகிற மாதிரி. முதலில் வந்தவன் போய், மஞ்சள் சட்டை போய், ஜனம் கலைகிற நேரத்துக்குக் கொக்கு வந்தான். கலைந்து போனவர்கள் திரும்பி வந்து கை தட்டினார்கள். ஒரு கிழவி சூரியகாந்திப் பூ ஒன்றை அவன் சட்டையில் செருகினாள். அவன் வீட்டுக்காரி ஓரத்தில் நின்றிருந்தாள். இவன் சைக்கிளைவிட்டு இறங்கி நேரே அவளிடம் போனான். அவள் இவன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வா, சாப்பிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

நான் சுவரிலிருக்கிற சைக்கிள் பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு செல்லை மூடினேன்.

வெள்ளைத்தாய் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். அவளை விடு.

நேசம்மாள்


காமநாயக்கன்பட்டி
ஆகஸ்ட் 11

சுகுணாவுக்கு,

நலம். நீ நலமா? மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. ஊர் முழுக்கக் கடை. ஜெபிஷா வந்திருக்கிறாள்.

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. முன்னெல்லாம் நான்தான் பதில் போடாமல் இருந்தேன், அதனால் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். என் கடிதத்தில் ஏதும் தப்பாக எழுதிவிட்டேனா?

நேசம்மாள்


கார்மேல் மடம்
ஆகஸ்ட் 17

சேசு மரி சூசை

அன்பு மைனி,

பரலோக மாதா உங்களைக் காப்பாற்றட்டும். கடிதம் தாமதமானதற்குக் காரணம் வருடாந்தரத் தியானம். அதில் நாங்கள் பேசவோ எழுதவோ மாட்டோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பூசைக்கு வரும் இளம் சாமியார் அன்று சிரித்துக்கொண்டு போனாரே, அவரும் தன் செல்லில் பந்தயம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஜூலை 18 காலையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க கொக்கு நேத்து வேன்ல ஏறிட்டான் சிஸ்டர்" என்றார். செசிலி சிஸ்டர் அழுதுவிட்டார். நான்கு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது, அவன் மலை ஏறிவிட்டான் என்று.

வாசித்து முடித்ததும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செசிலி சிஸ்டர்தான், "சாமியாருக்குச் சரியாத் தெரியலை. நேசம்மா பக்கத்துல இருந்து பாத்திருக்கா" என்றார். மதர் மறுபடி வாசிக்கச் சொன்னார். பாரிஸ் கடிதத்தை நாங்கள் ஐந்து நாள் வாசித்தோம் மைனி. அண்ணன் எழுதியதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

நீங்கள் எழுதிய கொக்குக்கும் வேண்டிக்கொண்டோம். வேனில் ஏறின கொக்குக்கும் வேண்டிக்கொண்டோம். இத்தனை வருடமாக அந்த வேனில் ஏறினவர்களை நாங்கள் நினைத்ததே இல்லை.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை. ஒரு வரி எழுதி, சரி என்று விட்டுவிட்டீர்கள். அந்த "சரி" என்னைத் தூங்க விடவில்லை.

அண்ணன் அடக்கம் நாலு மணிக்கு என்று மதர் சொன்னார். நான் தோட்டத்துக்குப் போனேன். நம் வீட்டு முக்கிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அண்ணன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து எத்தனையோ தடவை போன ரோடு. அந்தத் தூரத்தை மதிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். கிணற்றடி வரும்போது நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொண்டேன். மாட்டுக் கொட்டகை வரும்போது ரைஸ் மில். கோயில் வருகிற இடத்தில் பூசை முடிகிற நேரம்வரை நின்றேன். பிறகு மறுபடி நடந்தேன். நடுவில் செருப்பு அறுந்தது. கொய்யா மரத்தடியில் முடித்து, அங்கே ஒரு கைப்பிடி மண் போட்டேன். அது செசிலி சிஸ்டர் அன்று காலையில்தான் கீரை விதைத்த பாத்தி. அதற்கு எனக்குத் தனியாக ஏச்சு விழுந்தது.

உங்களுக்குப் பின்னால் ரொம்பத் தூரத்தில் வந்தேன் மைனி. ஆனால் வந்தேன்.

சுகுணா


காமநாயக்கன்பட்டி
ஆகஸ்ட் 25

என் சுகுணாவுக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். நேற்று கருவாட்டுக் குழம்பு வைத்து ரெண்டு தட்டுச் சாப்பிட்டேன். நீ ஜூலையில் கேட்டதற்கு இது பதில்.

உன் கடிதத்தைக் கோயில் முன்னால் உட்கார்ந்துதான் வாசித்தேன். பிறகு எழுந்து, வீட்டு முக்கிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை ஒரு நடை நடந்து பார்த்தேன். அன்றைக்கு நான் பெட்டியை ஒட்டி முன்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யார் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊர்ச் சனம் கலைந்து போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இருட்டுகிற வரை நின்றேன். ஆகையால் நீ நேரம் முடிவதற்குள்தான் வந்திருக்கிறாய். கடைசி ஆளாக வந்தாலும் நேரத்துக்குள் வந்தால் சேர்த்திதான், உங்க அண்ணன் பந்தயத்தில் அதுதான் சட்டம்.

கொக்கு இறங்கின அன்றைக்கு எழுதி அலமாரியில் வைத்த தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ மட்டும் வாசி. சிஸ்டர்மாருக்கு வேண்டாம், செசிலி சிஸ்டர் அழுவார்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நான் வருகிறேன். கோவில்பட்டியிலிருந்து காலை பஸ். கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நின்றால் போதும். கடம்பூர் போளி வாங்கி வருவேன். "கம்பி வழியா போளி நொழையுமாக்கா?" என்று கேட்கிறாள் வெள்ளைத்தாய். மடித்தால் நுழையும் என்றேன். அவளும் வருவாள் போலிருக்கிறது. உங்களை நேரில் பார்த்து, ஏன் பஸ் ஓடவில்லை என்று கேட்க வேண்டுமாம்.

முக்கியமான சேதியை விட்டுவிட்டேன். சனிக்கிழமை செல் மறுபடி கத்தியது. இது ஸ்பெயின் தேசத்துப் பந்தயம், இதுவும் மூணு வாரம். உங்க அண்ணன் இதற்கும் மணி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த காரில் பாட்டில் வாங்கிக்கொண்டு ஒருவன் நீளக் கழுத்தோடு வந்தான். தோள்பட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். வெள்ளைத்தாய்தான் கத்தினாள், "ஏக்கா, நம்ம கொக்கு."

கொக்குதான். முதுகில் புது நம்பர் குத்தியிருந்தது. கடைசியில்தான் வருகிறான். சாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தடவை நான் சொல்வது உள்ளபடிதான்.

பெரிய மலை அடுத்த வாரம். தபால் வர நாலு நாள் ஆகும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். இந்தத் தடவை உங்கள் ஜெபம் அவனுக்கு முன்னால் போய் மலையடியில் நிற்கட்டும். கடிதம் கண்டதும் ஆரம்பித்துவிடுங்கள்.

உன் மைனி
நேசம்மாள்